ஊசி, ஃபார்மலின், நோட்டு: சிறிய ஆஸ்பத்திரியில் மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடித்து சிகிச்சை தர ஒரு முழு வழிகாட்டி

ஓ.பி. முடியும் நேரத்தில் 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். வலது மார்பில் பழைய தையல் தழும்பு, அதற்கு அடியில் எலுமிச்சை அளவில் ஒரு கட்டி, அக்குளில் நெறி (வீங்கிய நிணநீர் முடிச்சு). நாலு மாதத்துக்கு முன் ஒரு நர்ஸிங் ஹோமில் "சாதாரணப் பால் கட்டிதான்" என்று சொல்லி அறுத்து எடுத்திருக்கிறார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் "கட்டி அகற்றப்பட்டது" என்று ஒரே ஒரு வரி. "எடுத்தாச்சுன்னு சொன்னாங்களே டாக்டரம்மா, திரும்ப ஏன் வருது?" என்று கேட்டார்.

எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) கிடையாது. புற்றுநோய் நிபுணர் கிடையாது. கதிர்வீச்சு மெஷினுக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இல்லாததை அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் நான் பார்த்த வரையில், பெரும்பாலான நாட்கள் வீணாவது இவற்றால் அல்ல. சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கும் முதல் பயாப்ஸி ஒழுங்காக நடக்காததாலும், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில் ஆள் காணாமல் போவதாலும்தான். இரண்டையும் சரிசெய்ய ஒரு ஊசி, எடுத்த சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஒரு பாட்டில், ஒரு நோட்டு போதும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முன்முயற்சி மூன்று எண்களை இலக்காக வைத்திருக்கிறது: 60, 60, 80. ஊடுருவும் வகை மார்பகப் புற்றுநோய்களில் 60 சதவீதத்துக்கு மேல் முதல் இரண்டு நிலைகளிலேயே கண்டுபிடிக்கப்பட வேண்டும். பெண் ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் எது என்று உறுதியாகிவிட வேண்டும். 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும். நடு எண் முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது. கடைசி எண்ணில் பாதியும் நம் கையில்தான். தாலுகா, மாவட்ட ஆஸ்பத்திரிகளில் இருக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்குமாக இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எந்த வரிசை என்ற முடிவை எப்போதும் ஒரு புற்றுநோய்ப் பிரிவோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

முதல் படி: கை

புற்றுநோய் உள்ளிட்ட தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் 2016 வழிமுறைப்படி 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற ஒருவர் கையால் மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும். கையால் தடவிப் பார்ப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு மும்பை ஆய்வைச் சொல்வேன். டாடா மெமோரியல் மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்த பகுதிகளில், நோய் முன்கூட்டிய நிலையிலேயே பிடிபட்டது. 50 வயது தாண்டியவர்களில் இந்நோயால் வரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. 50-க்குக் கீழ் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சுயபரிசோதனை வேறு கதை. ஷாங்காயில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான பெண்களை வைத்து நடந்த ஆய்வில் அது மரணத்தைக் குறைக்கவில்லை. அதனால் நான் வட்டம் போட்டுத் தடவும் முறையை எல்லாம் வகுப்பு எடுப்பதில்லை. "குளிக்கும்போது கையில் ஏதாவது வித்தியாசமாகத் தட்டுப்பட்டால் அந்த வாரமே வாருங்கள்" என்பதோடு சரி.

பரிசோதனைக்கு ஒரு திரை, ஒரு பெண் உதவியாளர், ஐந்து நிமிடம் வேண்டும். முதலில் உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, இடுப்பில் ஊன்றச் சொல்லிப் பாருங்கள். தோல் உள்ளே இழுக்கப்படுகிறதா, ஆரஞ்சுத் தோல் போல் துளைதுளையாக இருக்கிறதா, காம்பு புதிதாக உள்வாங்கியிருக்கிறதா? பிறகு படுக்க வைத்து, நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால், கழுத்தெலும்பிலிருந்து மார்பகத்தின் அடிமடிப்பு வரை மேலும் கீழுமாகக் கோடு கோடாக வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் லேசாக, நடுத்தரமாக, அழுத்தமாக என்று மூன்று அழுத்தம். அக்குளையும் கழுத்தெலும்புக் குழியையும் விடாதீர்கள். கட்டியை ஸ்கேலால் அளந்து செ.மீ.-இல் எழுதுங்கள். "எலுமிச்சை", "நெல்லிக்காய்" எல்லாம் பேச்சுக்குச் சரி. நாளைக்கு கீமோவில் கட்டி சுருங்கியதா என்று பார்க்க உதவாது.

ஏமாற்றும் மூன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பால் கொடுக்காத பெண்ணுக்கு "மார்புச் சீழ்" என்று ஆன்டிபயாடிக் கொடுத்தும் பத்து நாளில் அடங்காவிட்டால், பயாப்ஸி. காசநோயாக இருக்கலாம், கிரானுலோமாவாக இருக்கலாம், வீக்கத்தோடு வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். காம்பில் மட்டும் ஆறாத சொறி, அதுவும் ஒரே பக்கம் என்றால், களிம்பு எழுதாதீர்கள், பயாப்ஸி. ஆண்களுக்கும் இந்த நோய் வரும், நூறு நோயாளிகளில் ஒருவர் ஆணாக இருப்பார். கூடவே, "வலிக்கவே இல்லையே டாக்டரம்மா, அதான் பேசாம இருந்துட்டேன்" என்ற வாக்கியத்தை வாரம் ஒருமுறை கேட்பீர்கள். வலியில்லாத கட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று ஊருக்குள் சொல்ல கிராம சுகாதார செவிலியரை விட நல்ல ஆள் கிடையாது.

இரண்டாம் படி: ஸ்கேன்

கையில் தட்டுப்படும் கட்டிக்கு, பிரசவம் பார்க்கும் அதே அல்ட்ராசவுண்ட் மெஷினில் உயர் அதிர்வெண் புரோப் மாட்டினால் போதும். நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்று பிரித்துவிடும். ஓரம் ஒழுங்கில்லாமல், அகலத்தை விட உயரம் அதிகமாக, பின்னால் நிழல் விழுந்தால் சந்தேகம். மேமோகிராம் கிடைத்தால் அடுத்த மார்பகத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். கிடைக்கவில்லை என்பதற்காகப் பயாப்ஸியைத் தள்ளிப்போடக் கூடாது.

கை, ஸ்கேன், பயாப்ஸி மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். கை "புற்றுநோய் மாதிரி இருக்கிறது" என்று சொல்லி, பயாப்ஸி "ஒன்றுமில்லை" என்று வந்தால் பயாப்ஸியைத் திரும்ப எடுங்கள்.

மூன்றாம் படி: ஊசி

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். மார்பில் கட்டி என்றால் முதலில் போக வேண்டியது ஊசி, கத்தி பிறகு. முதலிலேயே கட்டியை அறுத்து எடுத்துவிட்டால் ஓரங்களில் நோய் மிஞ்சும், அடுத்த அறுவையின் அளவு கூடும், முதலில் கீமோ தந்து கட்டியைச் சுருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

கோர் பயாப்ஸிக்கு (தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுப்பது) 14 கேஜ் ஊசி, அதைச் சுட்டுச் செலுத்தும் கன். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் உலோக கன் ஒன்றை வாங்கி வைத்தால், ஒவ்வொரு முறையும் ஊசிக்கு மட்டும்தான் செலவு. கையில் தட்டுப்படும் கட்டிக்கு ஸ்கேன் உதவி கட்டாயமில்லை.

மரத்துப்போக லிக்னோகெய்ன் போட்டு, 11-ஆம் நம்பர் பிளேடால் தோலில் ஒரு சிறு கீறல். பின்னாளில் மார்பகத்தை எடுக்க நேர்ந்தால் இந்தத் தழும்பும் அதற்குள் வந்துவிடும் இடமாகப் பாருங்கள். கட்டியை இடது கையால் அசையாமல் பிடித்து, ஊசியை நெஞ்சுச் சுவருக்கு இணையாக, படுக்கை வசமாகச் செலுத்துங்கள். சுட்டதும் ஊசி சுமார் 2 செ.மீ. முன்னால் பாயும், நேராகக் குத்தினால் நுரையீரலுக்கு வழி விடுவது போல் ஆகிவிடும். அந்தச் சத்தத்தை முன்பே ஒருமுறை காற்றில் சுட்டுக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் துள்ளிவிடுவார்கள். குறைந்தது நான்கு துண்டு எடுங்கள். வெள்ளையாக இருந்து ஃபார்மலினில் மூழ்கினால் பெரும்பாலும் நல்ல துண்டு. மஞ்சளாக மேலே மிதந்தால் வெறும் கொழுப்பு, இன்னொன்று எடுங்கள். பிறகு கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க ஒரு ஆள்.

"ஊசி குத்தினா பரவிடுமாமே" என்று மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லியிருப்பார்கள். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்: பரவாது அம்மா, என்ன நோய் என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால்தான் ஆபத்து. இந்த இரண்டு நிமிடப் பேச்சை விட்டால் அவர் அடுத்த வாரம் நாட்டு வைத்தியரிடம் இருப்பார்.

மெல்லிய ஊசியால் உறிஞ்சும் எஃப்.என்.ஏ.சி. மலிவுதான். ஆனால் நோய் குழாய்க்குள்ளேயே நிற்கிறதா, வெளியே ஊடுருவிவிட்டதா என்று அது சொல்லாது. அக்குள் நெறிக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். புண்ணாகிவிட்ட கட்டி என்றால் ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டி எடுத்தாலே போதும். நடுவில் எடுத்தால் செத்த சதைதான் வரும்.

நான்காம் படி: பாட்டில்

எங்கள் தியேட்டரில் ஒருமுறை பயாப்ஸித் துண்டுகளை யாரோ சலைனில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்துத் தெரிந்தது. அந்த அம்மாவை மறுபடியும் வரச்சொல்லி, மறுபடியும் குத்தினோம். அதற்குப் பிறகு சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

10 சதவீத ஃபார்மலின், பஃபர் சேர்த்தது. கடையில் வாங்கும் கெட்டி ஃபார்மலினை அப்படியே ஊற்றக் கூடாது; ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர். சதையைப் போல் பத்து மடங்கு திரவம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் எடுத்தது திங்கள் மத்தியானத்தோடு கெடு முடிகிறது; பொங்கல் லீவுக்கு முந்தைய நாள் பயாப்ஸி எடுத்தால் லேப் திறக்கும்போது ஹார்மோன் ரிசப்டார் முடிவையே நம்ப முடியாது. பெயரைப் பாட்டிலின் மேல் எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடிகள் இடம் மாறும்.

விண்ணப்பத்தில் மூன்று சோதனையைக் கட்டாயம் கேளுங்கள்: ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ரிசப்டார்கள்), ஹெர்-2 (புற்றுநோய்ச் செல்லின் மேல் இருக்கும் ஒரு புரதம்). ஈ.ஆர். 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ் கணக்கு. ஹெர்-2 "2+" என்று வந்தால் முடிவு இல்லை என்று பொருள்; ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் சோதனை வேண்டும். உங்கள் லேபில் இவை நடக்காவிட்டால் பாரஃபின் பிளாக்கை (மெழுகில் பதித்த சதைத் துண்டு) மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். நோயாளியை அனுப்பத் தேவையில்லை. பிளாக் நம்பரை நோட்டில் எழுதிவையுங்கள், மூன்று வருடம் கழித்தும் யாராவது கேட்பார்கள்.

ஐந்தாம் படி: எந்த நிலை

கட்டியின் அளவை இப்படிக் குறிக்கிறோம்: 2 செ.மீ. வரை டி1, 5 வரை டி2, அதற்கு மேல் டி3, தோலையோ நெஞ்சுச் சுவரையோ பிடித்துவிட்டால் டி4. சிறிய கட்டி, உடம்பில் வேறு தொந்தரவு இல்லை என்றால் மார்பு எக்ஸ்ரே, வயிறு ஸ்கேன், ரத்தத்தில் கல்லீரல் சோதனை போதும். எல்லோரையும் பெட் ஸ்கேனுக்கு அனுப்புவது பணத்துக்கும் கேடு, நாளுக்கும் கேடு. மூன்றாம் நிலை என்றாலோ, எலும்பு வலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் வேண்டும். குழந்தை பெறும் வயதென்றால் கர்ப்பப் பரிசோதனையும், எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி சோதனையும் இப்போதே முடித்துவிடுங்கள். கீமோவுக்கு முதல் நாள் ஞாபகம் வந்தால் அதற்கு ஒரு வாரம் போகும்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டிய நாளும் இதுதான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. அட்டையில் பெயர் பிழை, ஆதாரில் வேறு பிறந்த வருடம் என்று ஏதாவது கிளம்பும். பயாப்ஸி முடிவு வருவதற்குள் அதைச் சரிசெய்யச் சொன்னால் பத்து நாள் மிச்சம்.

ஆறாம் படி: சிகிச்சையின் வரிசை

சிறிய கட்டிக்கு முதலில் அறுவை. பெரிய கட்டி, தோல் பிடித்தது, அக்குளில் ஒன்றோடொன்று ஒட்டிய நெறி என்றால் முதலில் கீமோ, பிறகு அறுவை, பிறகு கதிர்வீச்சு. கீமோவில் கட்டி கரைந்துபோய்விட்டால் சிலர் "சரியாகிவிட்டது" என்று வருவதை நிறுத்திவிடுவார்கள். இதை முதல் நாளே எச்சரித்து வையுங்கள்.

மார்பகத்தை முழுதும் எடுத்து அக்குள் நெறியைச் சுத்தம் செய்யும் அறுவையை மாவட்ட ஆஸ்பத்திரியின் பொது அறுவை மருத்துவரே செய்யலாம். அக்குளிலிருந்து குறைந்தது 10 நெறி வர வேண்டும். மார்பகத்தைக் காப்பாற்றும் அறுவை நல்லதுதான், ஆனால் அதன் பின் கதிர்வீச்சு கட்டாயம். அந்தப் பெண்ணால் போய்த் தங்கிச் சிகிச்சை எடுக்க முடியாது என்று தெரிந்தும் அதைச் செய்வது அவருக்குச் செய்யும் நல்லது அல்ல.

செலவே இல்லாத ஒன்று இருக்கிறது. டாடா மெமோரியல் மருத்துவர்கள் 1,600 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அறுவைக்கு 7 முதல் 10 நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றி ஆறு பக்கமும் 0.5 சதவீத லிக்னோகெய்ன் போட்டார்கள். ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 86.4 சதவீதத்திலிருந்து 90.1 சதவீதமாக உயர்ந்தார்கள். கீமோ எடுக்காமல் நேராக அறுவைக்கு வந்தவர்களிடம் கண்ட பலன் இது. கிலோவுக்கு 4.5 மி.கி. என்ற உச்சத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தியேட்டரிலும் இருக்கும் மருந்து. இன்னும் பலர் செய்வதில்லை.

எடுத்த மார்பகத்தை முழுசாகப் பிளாஸ்டிக் பையில் திணித்து அனுப்புவது நம் ஊர்ப் பழக்கம். ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மி.மீ. அளவில்தான் ஊறும், நடுவில் இருக்கும் கட்டி அழுகிவிடும். எந்தப் பக்கம் எது என்று நூல் கட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து ஒரு செ.மீ. கனத்தில் ரொட்டித் துண்டு போல் கீறி, மூடி வைத்த வாளியில் போடுங்கள்.

மறுநாளே கையை அசைக்கச் சொல்லுங்கள். தலை வாருவது, சுவரில் விரலால் மேலே ஏறுவது. கையைக் கட்டிக்கொண்டே இருந்தால் தோள் இறுகும், அப்புறம் கதிர்வீச்சுக்கு கையைத் தூக்கவே முடியாது. காயத்தில் வைத்த வடிகுழாயில் (டிரெய்ன்) 24 மணி நேரத்துக்கு 30 முதல் 50 மி.லி.க்குக் கீழ் வந்தால் எடுத்துவிடலாம்.

கீமோ

முதல் சுழற்சி பெரிய ஆஸ்பத்திரியில், மீதி மாவட்டத்தில் என்பது நல்ல ஏற்பாடு. பரவலான முறை டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் 21 நாளுக்கு ஒருமுறை நான்கு சுழற்சி, பிறகு பாக்லிடாக்ஸல் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. டாக்ஸோரூபிசின் சதுர மீட்டருக்கு 60 மி.கி., முன்னதாக இதய எக்கோ. உயரமும் எடையும் அன்றன்றைக்கு அளந்ததாக இருக்க வேண்டும். கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட வேண்டும். அந்தச் சிவப்பு மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அறுவை நடக்காத பக்கத்துக் கையில் நல்ல நரம்பாகப் பாருங்கள், போட்டு முடிக்கும் வரை பக்கத்தில் நில்லுங்கள். எரிச்சல் என்றால் உடனே நிறுத்தி, ஊசியை எடுக்காமலேயே உறிஞ்சி, பிறகு எடுத்து ஐஸ் வையுங்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கீமோ வார்டில் உயிரை எடுப்பது பெரும்பாலும் காய்ச்சல்தான். ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு சீட்டும் கொடுத்து அனுப்புகிறோம். சீட்டில் இருப்பது: "இவருக்குக் கீமோ நடக்கிறது. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக்." ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் புது டாக்டருக்கும் அது புரியும்.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் அதையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. ஒரு வருடம் தருவது வழக்கம்; ஆறு மாதம் தந்தாலும் பலன் குறைந்துவிடவில்லை என்று பிரிட்டனில் நடந்த பெர்செஃபோன் ஆய்வு காட்டியிருக்கிறது. பணம் இல்லாத இடத்தில் இது பெரிய செய்தி.

கரண்ட்

ஊரில் கதிர்வீச்சுக்குப் பெயர் "கரண்ட் வைக்கிறது". ஷாக் அடிக்கும் என்றே பலர் நம்புகிறார்கள், அதனால் எக்ஸ்ரே எடுப்பது போலத்தான் என்று விளக்குங்கள். 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டி, நாலோ அதற்கு மேலோ நெறியில் நோய், மார்பகத்தைக் காப்பாற்றிய அறுவை, இவர்களுக்குக் கட்டாயம். முன்பெல்லாம் ஐந்து வாரம். இப்போது 15 தடவையில் மூன்று வாரத்தில் முடிப்பது வழக்கமாகிவிட்டது. தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை தந்தாலும் போதும் என்று ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வு 2020-இல் காட்டியது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மூன்று வாரத்துக்கும் ஐந்து வாரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வருவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கே தங்குவார், யார் கூட இருப்பார் என்பதைப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போதே கேட்டு எழுதுங்கள்.

மாத்திரை

ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் தமாக்சிஃபென் 20 மி.கி., தினம் ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். இத்தனை மலிவான மருந்து இத்தனை உயிரைக் காப்பது அபூர்வம். ஆனால் "எல்லாம் முடிஞ்சுடுச்சே, இதுவும் எதுக்கு" என்று இரண்டாம் வருடம் நிறுத்திவிடுவார்கள். மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுங்கள். கர்ப்பம் கூடாது. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டாலோ, ஒரு கால் வீங்கினாலோ வரச் சொல்லுங்கள்.

42 வயதில் கீமோவால் மாதவிடாய் நின்றவருக்கு, மாதவிடாய் இயல்பாக நின்றுவிட்டவர்களுக்கான லெட்ரோசோல் மாத்திரையை எழுதிவிடும் தவறை அடிக்கடி பார்க்கிறேன். சினைப்பை திரும்ப விழித்துக்கொள்ளும், அந்த மருந்து மட்டும் அங்கே வேலை செய்யாது. சினைப்பையை அடக்கத்தான் வேண்டும் என்றால், மாதாமாதம் ஊசி போட முடியாத இடத்தில் சினைப்பையை எடுப்பதும் ஒரு நல்ல வழி. கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் 1896-இல் காட்டிய வழிதான்.

பரவிவிட்ட பிறகு

வேறு உறுப்புக்குப் போய்விட்ட நோய்க்கு மார்பகத்தை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அதனால் ஆயுள் கூடவில்லை என்று டாடா மெமோரியலின் ஆய்வு 2015-இல் காட்டியது. ஈ.ஆர். பாசிட்டிவ் என்றால் மாத்திரையிலேயே வருடக்கணக்கில் நன்றாக இருப்பவர்கள் உண்டு. எலும்பு வலிக்கு ஒரே தடவை கதிர்வீச்சு, கூடவே வாய்வழி மார்ஃபின். புண் நாற்றத்தால் பேரக்குழந்தை கிட்டே வருவதில்லை என்று ஒரு பாட்டி அழுதார். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னோம், சில நாளில் நாற்றம் அடங்கியது. மருந்துச் செலவு ஒரு டீக்கு ஆகிற அளவுதான்.

கடைசிப் படி: நோட்டு

நீளமான கணக்குப் பேரேடு ஒன்று வாங்குங்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்கம். முதலில் வந்த தேதி, பயாப்ஸி தேதி, பிளாக் நம்பர், முடிவு வந்த தேதி, நிலை, அறுவை, ஒவ்வொரு கீமோ, கதிர்வீச்சு தொடங்கியது, முடிந்தது, அடுத்த மாத்திரை எப்போது. இரண்டு போன் நம்பர் வேண்டும். ஒன்று அவருடையது, இன்னொன்று மகளோ அக்காவோ யாராவது ஒரு பெண்ணுடையது. கணவர் நம்பர் மட்டும் இருந்தால் அவர் லாரியில் ஒடிசாவில் இருப்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அரை மணி நேரம் உட்கார்ந்து, தேதி தாண்டியவர்களை அழைக்க வேண்டும். அந்த அரை மணியை டியூட்டி ரோஸ்டரிலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் நடக்காது.

சிகிச்சை முடிந்தபின் முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதனை, வருடம் ஒரு மேமோகிராம். தொந்தரவு இல்லாதவருக்கு ரத்தத்தில் மார்க்கரும் ஸ்கேனும் எழுத வேண்டாம்.

அந்த 46 வயதுப் பெண்ணின் பக்கம் இப்போது நிறைந்துவிட்டது. பின்னால் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். கீமோ, அறுவை, பதினைந்து கரண்ட் எல்லாவற்றுக்கும் நேராகத் தேதி இருக்கிறது. மாத்திரை வரிசையில் சித்திரை மாதம் மட்டும் காலி. பக்கத்தில் நர்ஸ் பச்சை மையில் எழுதியிருக்கிறார்: "மகளுக்குப் பிரசவம், திருப்பூர் போயிருக்கிறார். அங்கே ஜி.எச்.சில் வாங்கச் சொல்லிச் சீட்டு அனுப்பியாச்சு. பெண் குழந்தை."